தானமா, சம்பளமா?

'சேவை' என்ற சொல்லைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. பிறருடைய கூலியில் கை வைக்க நினைப்பவர்கள்தாம் இந்தச் சொல்லை முதலில் எடுக்கிறார்கள்.

"நம் வரிப்பணமெல்லாம் சர்க்கார் ஊழியர்களுக்குச் சம்பளமாகவே கரைந்து போகிறது. வாத்தியார் வேலை சேவை அல்லவா? நர்ஸ் வேலை சேவை அல்லவா? சேவைக்குச் சம்பள உயர்வு எதற்கு?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நல்லவர்கள், படித்தவர்கள், ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள். அதனால்தான் அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் கையில் ஓர் அஸ்திரம் இருக்கிறது. அது எங்கள் புதுக்கோட்டை! 1991-ஆம் ஆண்டில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் போய் எழுத்தறிவித்தார்கள். கல்லுடைக்கிற பெண்களும் நாற்று நடுகிற பெண்களும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அதோடு நின்றார்களா? சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு, பார்த்தவர்கள் வியக்கும்படி ரோட்டில் வரிசையாகப் போனார்கள். "பாருங்கள், சம்பளமில்லாமலே நடந்ததே!" என்கிறார் நண்பர்.

அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால், அந்த இயக்கத்துக்கும் சர்க்கார் பணம் வேண்டியிருந்தது. அதை முன்னின்று நடத்திய கலெக்டரும் சம்பளம் பெற்ற அதிகாரிதான். இன்னொன்றும் உண்டு. தேர் இழுக்க ஊரே திரண்டு வரும். அன்றாடம் சந்நிதியில் விளக்கேற்ற ஊர் வராது. அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அறிவொளி தேர்த் திருவிழா. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அன்றாட விளக்கு.

எங்கள் ஊருக்கு வெளியே பலருக்குத் தெரியாத ஒரு நாணயம் உண்டு: அம்மன் காசு. தொண்டைமான் சமஸ்தானம் அடித்த சிறு செப்புக் காசு. நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு அதையும் சேர்த்துத் தானமாக வழங்குவார்கள். வாங்கினவர்கள் கணக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. தானம் கொடுக்கிறவர் மனத்தைப் பொறுத்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, ராஜா போனார், அம்மன் காசும் போயிற்று. போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அது பெயரை மாற்றிக்கொண்டு உலவுகிறது. புதுப் பெயர், 'மதிப்பூதியம்'!

பள்ளியில் மதிய உணவு சமைக்கிற பெண்ணுக்கு 2009-ல் மத்திய அரசின் திட்டம் வகுத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்குத்தான். மற்ற இரண்டு மாதம் அவளுக்குப் பசிக்காது என்று முடிவு செய்தார்கள் போலிருக்கிறது! பத்து வருஷம் கழிந்தும் அந்தத் தொகை அசையவில்லை. தமிழ்நாடு தன் பங்காக மேலும் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஒரு பெயர், 'சிறப்புக் காலமுறை ஊதியம்.' சர்க்கார் அகராதியில் 'சிறப்பு' என்றால் மற்றவர்களைவிடக் குறைவு என்று பொருள்.

பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? குஜராத்தில் அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டபோது, "நீங்கள் வாங்குவது மதிப்பூதியம், கூலி அல்ல" என்று வாதாடினார்கள். 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. பணிக்கொடைச் சட்டத்தின்படி அதுவும் கூலிதான் என்று தீர்ப்பளித்தது.

நிரந்தர ஊழியர்கள் கதைதான் என்ன? 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பெரும்பாலோர் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்பது வேறு விஷயம். அன்று கைதட்டியவர்கள் உண்டு. அந்தக் கைதட்டலில் லஞ்சம் கொடுத்துக் கொடுத்து நொந்துபோன மனத்தின் ஆத்திரம் இருந்தது. அந்த ஆத்திரம் நியாயமானது. லஞ்சம் வாங்குகிறவனைத் தண்டியுங்கள். வகுப்புக்கு வராத வாத்தியாரை வேலையை விட்டு நீக்குங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எலிக்குப் பயந்து களஞ்சியத்துக்கா தீ வைப்பது?

"பணத்துக்கு எங்கே போவது?" என்கிறார் நண்பர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்ற செய்தியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மாநிலத்தின் உற்பத்தி வளர்ந்த அளவுக்கு வரி வசூல் வளரவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. அதை யாரும் பேசக் காணோம்! வர வேண்டிய இடத்தில் வரவில்லை. ஆகவே வரக்கூடாத இடத்திலிருந்து வாங்குகிறார்கள். 2023-24-ல் மதுக்கடைகள் வழியாக மாநிலத்துக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கூலிக்காரன் குடித்துக் கட்டுகிற வரி அது. அவன் மனைவி சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறாள். 'நம் வரிப்பணம்' என்று நாம் மார்தட்டுகிறோமே, அந்த 'நாம்' என்பதில் அவர்களும் உண்டு.

அந்த வீட்டுக் குழந்தைக்குக் கந்தர்வகோட்டையிலோ கறம்பக்குடியிலோ இருக்கிற அரசுப் பள்ளியை விட்டால் வேறு பள்ளி இல்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், புதுக்கோட்டையில் 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை விட்டால் வேறு புகலிடம் இல்லை. நமக்குக் காசு கொடுத்துப் போக வேறு இடம் இருக்கிறது. அதனால் நர்ஸின் சம்பளம் நம் கண்ணுக்கு வீண் செலவாகத் தெரிகிறது. ஆஸ்பத்திரி என்பது கட்டடமா? நடுராத்திரியில் விழித்திருக்கிற அந்த நர்ஸ்தான் ஆஸ்பத்திரி. அவளுக்குக் கொடுப்பதை மிச்சம் பிடித்தால், மிச்சமாவது சுவர்தான்.

சேவை செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் சேவை என்பது செய்கிறவர் சொல்ல வேண்டிய சொல். வேலை வாங்குகிறவர் சொல்லக்கூடாது. வேலை வாங்குகிறவர் பேச வேண்டிய பேச்சு ஒன்றுதான்: "என்ன கூலி, எந்தத் தேதியில்?"