‘எத்தனை பேர் மேடம்?’

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு அடுப்பு பற்றவைப்பதில்லை. கல்யாணமான மூன்றாம் வருடம் தொடங்கிய பழக்கம். ஒரு வாரம் சாப்பிட்ட கடையில் மறுவாரம் சாப்பிடக் கூடாது என்பது எனக்கும் கணவருக்கும் இடையிலான ஒப்பந்தம். மதுரைக்காரர்களுக்கு இது கடினமான ஒப்பந்தமே இல்லை. சிம்மக்கல்லில் கறிதோசை, கோரிப்பாளையத்தில் பிரியாணி, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, மாசி வீதிகளில் சாயங்காலம் பருத்திப்பாலும் முள்முருங்கை வடையும், மழை நாளில் அயிரை மீன் குழம்பு கிடைக்கும் மெஸ், நடு இரவிலும் கல்லில் பரோட்டா விழும் சத்தம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து இந்த ஊரை நான் நாக்கால் அளந்திருக்கிறேன்.

“நீ கொடுத்து வச்சவ” என்பார்கள் கல்லூரித் தோழிகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாப்பாட்டை ரசிக்கத் தெரிந்த மனிதர். மெனு அட்டையைக் கையில் எடுத்தால் சிறுபிள்ளை ஆகிவிடுவார். அந்த இரவுகளில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. அவற்றின் மகிழ்ச்சியை நான் இங்கே மறுக்கப் போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு அவர் வெளியூரில் இருந்தார். பிள்ளைகள் தாத்தா வீட்டில். தேர்வுத்தாள் திருத்தி முடித்தபோது மணி எட்டரை. ஒப்பந்தத்தை ஏன் விட வேண்டும் என்று, இருவருமாகப் பலமுறை போயிருந்த ஓர் அசைவக் கடைக்குத் தனியாகப் போனேன்.

வாசலில் நின்றவர் கேட்டார்: “எத்தனை பேர் மேடம்?”

“ஒரு ஆள்.”

“சார் வண்டி போட்டுட்டு வர்றாரா?”

“சார் வரல.”

“அப்போ பார்சலா?”

சாப்பிடத்தான் வந்தேன் என்றேன். கீழே ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று இடங்கள் காலியாக இருந்தன. “கீழ சரிப்படாது மேடம், மேல ஃபேமிலி ரூம் போங்க.” மேலே எல்லாமே நான்கு பேர் மேசை. ஒரு ஆளுக்கு அதைக் கொடுக்க முடியாது, குடும்பங்கள் காத்திருக்கின்றன என்றார் மேலே இருந்தவர். படிக்கட்டில் இருபது நிமிடம் நின்றேன். கணவரோடு போனால் கேட்காமலே சால்னா கொண்டுவந்து ஊற்றும் அதே பையன் என்னைக் கடந்து மூன்று முறை போனான். அடையாளம் தெரிந்து சிரிக்கவும் செய்தான். கடைசியில் பார்சல்தான் வாங்கினேன். வீட்டில் சமையல் மேடையில் பொட்டலத்தைப் பிரித்து, நின்றபடியே சாப்பிட்டேன்.

யாரும் என்னை அவமதிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். அந்த மரியாதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த ஊர்க் கடைகளுக்கு நான் போய்வந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் என்னை ஒருவர் கூட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறார். நுழைவுச்சீட்டு அவர் பெயரில் இருந்திருக்கிறது.

‘ஃபேமிலி ரூம்’ என்ற பலகையை நம் ஊர் ஓட்டல்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் திரை, சில இடங்களில் தடுப்புப் பலகை, வசதியான கடையில் குளிர்சாதனம். பெண்களின் பாதுகாப்புக்காக என்பார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தனியாக வரும் ஆண் ‘கஸ்டமர்’. அவனுக்குப் பொதுக்கூடம். பெண் வந்தால் அந்த இடத்துக்குப் பெயர் ‘குடும்பம்’. ஆண் பசியோடு வரலாம், பெண் உறவோடுதான் வர வேண்டும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் இலக்கணச் சூத்திரத்தை நான் படித்ததில்லை.

ஓட்டல் பலகைகளுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கப் பெரியார் மறியல் நடத்தினார். எத்தனையோ பேர் கைதானார்கள். ஒரு பலகைக்காகவா என்று அன்றும் கேட்டிருப்பார்கள். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை அந்தப் பலகைதான் எழுதி வைத்திருந்தது. சாதியின் கொடுமையையும் ஒரு பேராசிரியையின் படிக்கட்டுக் காத்திருப்பையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை வேறு வலி. ஆனாலும் பந்தியில் இடம் என்பது உரிமை என்ற பாடத்தை அந்தப் போராட்டங்கள்தான் நமக்குக் கற்றுத்தந்தன. அந்தப் பாடத்தைப் படித்த ஊரில் ‘ஃபேமிலி’ என்ற பலகையை நாம் வசதி என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கணவரோடு போகும்போதாவது அந்த இரவு முழுதாக என்னுடையதா? ஒரு ஞாயிறை மணிவாரியாகச் சொல்கிறேன். மூன்று மணிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருப்பேன். ஆறு மணிக்குள் ஆட்டி எடுத்துவைத்தால்தான் திங்கட்கிழமை காலை இட்லி. ஏழு மணிக்கு மாமியாருக்கு இடியாப்பமும் பாலும். ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஆகாது. ஏழே காலுக்குத் துணி மடிப்பு. ஏழரைக்கு அவர் வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்: “இன்னும் கிளம்பலையா? உனக்கு லீவு குடுத்தாலும் எடுக்கத் தெரியாது!” திரும்பி வந்ததும் மாமியார் சாப்பிட்ட பாத்திரம் தொட்டியில் காத்திருக்கும். அடுப்புக்கு விடுமுறை விட்டோம். அடுக்களைக்கு விட்டோமா?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. கூலி இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம். ‘ஈடுபடும்’ என்பதைக் கவனியுங்கள். பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 26.1 விழுக்காடுதான். அந்த 299 நிமிடத்தை ஏழால் பெருக்குங்கள். வாரத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து மணி நேரம். அதற்கு ஈடாக ஒரு கறிதோசை.

இனி மேசைக்கு வருவோம். சர்வர் வருகிறார். அவர் கண் என் கணவர் மீது. “அண்ணே, என்ன சொல்லட்டும்?” கணவர் சொல்கிறார். “அக்காவுக்கு?” கேள்வி என்னைப் பற்றியது. கேட்கப்படுபவர் அவர். பதிலும் அவரே சொல்வார், “ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு வைங்க.” குடல் எனக்குப் பிடிக்காது என்பது எங்கள் கல்யாணத்தின் ஒன்பதாம் வருடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் கேட்கவில்லை என்பது பாதிக் குற்றம். நான் சொல்லவில்லை என்பது மீதி. பிறர் இலையில் என்ன விழ வேண்டும் என்று மட்டுமே யோசித்துப் பழகிய நாக்கு தன் விருப்பத்தைச் சொல்ல மறந்துவிடுகிறது. கடைசியில் பில். மாதச் சம்பளம் இருவருக்கும்தான். சில வருடங்கள் எனக்குக் கூடுதல். பில் வைத்த சோம்புத் தட்டு மட்டும் ஒருமுறைகூடத் தவறி என் பக்கம் வந்ததில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு சுற்றப் போகிறோம் என்றால் சாயங்காலத்திலிருந்தே நான் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பேன். நல்ல சாப்பாடு போடும் எத்தனையோ கடைகளில் பெண்கள் போகக்கூடிய கழிப்பறை இல்லை. இருந்தால் தாழ்ப்பாள் இல்லை. என் கணவர் இரண்டாவது ஜிகர்தண்டா சொல்லும்போது நான் போதும் என்பேன். “உனக்கு வயிறு சின்னது” என்பார். வயிறு சின்னதாக இருந்ததில்லை.

ஜியோ பேபி இயக்கி 2021இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தில் ஓர் ஓட்டல் காட்சி வரும். வீட்டில் மென்ற சக்கையை மேசையிலேயே போடும் கணவன் ஓட்டலில் நாகரிகமாக ஒதுக்கி வைக்கிறான். மனைவி சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அவன் முகம் மாறுகிறது. கடைசியில் மன்னிப்புக் கேட்பவள் அவள்தான். வகுப்பில் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசினேன். ஒரு மாணவி எழுந்து, “ஹோட்டல்ல துடைக்கிறவங்களுக்குச் சம்பளம் உண்டு மேடம், அதான் அவனுக்கு மரியாதை தெரியுது” என்றாள். நான் எழுதிய எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்தச் சம்பளத்தையும் கொஞ்சம் பார்ப்போம். வாசலில் கல்லின் முன் நின்று பரோட்டா வீசுபவர் ‘மாஸ்டர்’. பெரும்பாலும் ஆண். பின்கட்டில் வெங்காயம் உரிப்பவர், பாத்திரம் துலக்குபவர், எச்சில் இலை எடுப்பவர் பெரும்பாலும் பெண். சமையல் கூலியாகும்போது ஆண் தொழில், கூலி இல்லாதபோது பெண் குணம். இதில் வியாபாரத் தந்திரமும் சேர்கிறது. ‘வீட்டுச் சாப்பாடு’, ‘அம்மா கைப்பக்குவம்’ என்று பலகை மாட்டிய கடையில் விற்பனையாவது யாருடைய பெயர்? காசு கொடுக்காமல் வாங்கிய உழைப்பின் பெயர். 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய் இட்லியைச் சமைத்து விற்றவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். பெண்கள் கூலிக்குச் சமைக்கும் கூடம் பொது இடத்தில் இருக்க முடியும் என்று அது காட்டியது. அங்கே ஒரு பெண் தனியாக வந்து நின்றபடி சாம்பார் சாதம் சாப்பிட்டுப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குளிர்சாதன ஃபேமிலி ரூமில் கிடைக்காத சுதந்திரம் அது.

நான் தமிழ் படித்தவள். படித்ததிலிருந்தும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டில் புதுமணப்பெண் கட்டித் தயிரைப் பிசைந்த விரலைத் துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படியச் சமைக்கிறாள். கணவன் சுவைத்து நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அழகான பாட்டு. ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்த மலர்ச்சியை இல்லற இன்பம் என்று தேர்வில் எழுதிய மாணவிகளுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அவள் சாப்பிட்டாளா என்று ஒருமுறையும் கேள்வித்தாளில் கேட்டதில்லை. மதுரைக்கு வெளியே மாதரியின் மனையில் கண்ணகி வியர்க்க வியர்க்கச் சமைத்துக் கோவலனுக்கு வாழையிலையில் பரிமாறுகிறாள், வெற்றிலையும் மடித்துக் கொடுக்கிறாள். அவன் சிலம்போடு போய்விடுகிறான். அவள் எப்போது உண்டாள் என்று இளங்கோ சொல்லவில்லை. மதுரைக்காஞ்சி பாடும் காலத்திலேயே இந்த ஊரில் பகல் அங்காடியும் இரவு அங்காடியும் இருந்தன. அங்காடி தூங்காத ஊரில் பெண்ணின் பசிக்கு மட்டும் கதவடைக்கும் நேரம் வைத்திருக்கிறோம்.

“இதெல்லாம் அந்தக் காலம். இப்போ பொண்ணுங்க எங்க வேணாலும் சாப்பிடுறாங்க” என்று சொல்பவர்கள் எந்தக் கல்லூரி விடுதி வாசலிலாவது சாயங்காலம் நின்று பாருங்கள். பெண்கள் விடுதிக் கதவு பூட்டப்படும் நேரத்துக்குப் பிறகுதான் பரோட்டாக் கடை கல்லே சூடாகும். ஆண்கள் விடுதிப் பையன்களுக்கு அந்தக் கடை ஒரு பல்கலைக்கழகம். சினிமா, அரசியல், கவிதை எல்லாம் சால்னாவோடு கிடைக்கும். என் மாணவிகளிடம், தனியாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒருத்தி தூக்கினாள். அவளும், “பஸ் ஸ்டாண்டுல, மேடம். வேற வழி இல்லாம” என்றாள்.

என் அம்மா வாழ்நாளில் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது நான்கு முறை. நான்கும் ஆஸ்பத்திரிக்கு எதிரே. அப்பாவுக்குக் கண், அண்ணனுக்குக் கால், என் இரண்டு பிரசவங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்தான் அவளுக்கு யாரோ சமைத்த சோறு கிடைத்தது. கடைசி முறை, இரண்டு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு, “சட்னி நல்லாருக்கு. நம்ம அரைச்சதில்ல, அதான்” என்றாள். அதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆகவே ஓட்டலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள். நிறையப் போங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவதைச் சமத்துவக் கணக்கில் வரவு வைக்க விடாதீர்கள். கூட்டிப்போகிறவர் திங்கட்கிழமை மாவை ஆட்டட்டும். பெற்ற தாய்க்கு இடியாப்பம் பிழியட்டும். கடைக்காரர்கள் ஒரு ஆள் மேசை போடட்டும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வைக்கட்டும், தடுப்புக்கு வெளியே உட்கார விரும்பும் பெண்ணை உள்ளே துரத்தாமல் இருக்கட்டும். விடுதிப் பூட்டைப் பற்றி நிர்வாகக் குழுக்களில் பேச வேண்டியது என் போன்ற ஆசிரியைகளின் வேலை. அதை நாங்கள் செய்யாமல் இருந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு மாவு அவர் பொறுப்பு. முதல் மாதம் உளுந்து பொங்கவே இல்லை. இட்லி கல்லாக இருந்தது. சாப்பிட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் தனியாகப் போகிறேன். அந்தப் படிக்கட்டுக் கடைக்கும் போனேன்.

நீங்களும் போங்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒரு ஆள் என்று சொல்லுங்கள். பார்சலா என்று கேட்பார்கள். இல்லை, இலை போடுங்கள் என்று சொல்லுங்கள்.