தேய்ந்தது யார் கை?

ஒரு மேசையை இரண்டே நாளில் நூறு வயதாக்கிவிடலாம். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். அடியில் அடர்ந்த நிறம் ஒன்றைப் பூச வேண்டும். அது காய்ந்ததும் மெழுகுவத்தியை எடுத்து விளிம்புகளிலும் மூலைகளிலும் இழுப்பறைக் கைப்பிடியைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். அதன்மேல் பால்வெள்ளையோ வெளிர்சாம்பலோ பூச வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. 220 எண் உப்புத்தாளால் அங்கே இழைத்தால் மேல்பூச்சு உதிர்ந்து அடிநிறம் எட்டிப்பார்க்கும். இன்னும் வேண்டுமென்றால் சங்கிலியால் அடித்துத் தழும்பு போடலாம், குத்தூசியால் குத்திப் பூச்சி அரித்த துளை செய்யலாம். கடைசியாகக் கருமெழுகைத் துணியில் தொட்டு இடுக்குகளில் தேய்த்துவிட்டால் பல தலைமுறை அழுக்கும் வந்து சேர்ந்துவிடும்.

இந்தச் செய்முறையைக் கற்றுத்தருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் விதி ஒன்று உண்டு. கண்ட இடத்தில் சுரண்டாதே, கை படும் இடத்தில் மட்டும் சுரண்டு. நாற்காலியின் கைப்பிடியில், அலமாரிக் கதவின் ஓரத்தில், மேசையின் முன்விளிம்பில். அப்படிச் செய்யாவிட்டால் பொய் வெளியே தெரிந்துவிடுமாம்.

கை படும் இடம் என்றால் யாருடைய கை? இந்தக் கேள்வியைத்தான் நான் விடப்போவதில்லை.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரெஸ்ஸிங்’ என்று பெயர். தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் என்பதால் எனக்குச் சொல்லில்தான் முதலில் கண் போகும். டிஸ்ட்ரெஸ் என்றால் இன்னல், துயரம், அல்லல். அல்லலுற்றதுபோல் தோன்றும்படி ஒரு பொருளைச் செய்வதற்கு அந்தப் பெயர். அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு சொல் ‘ஃபார்ம்ஹவுஸ்’, அதாவது பண்ணை வீடு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெள்ளை வேலியையும் ரொட்டி வாசனையையும் கூட்டி வருகிறது. நம் மொழியில் அப்படி எளிதாகத் தப்பிக்க முடியாது. பண்ணை என்றால் பண்ணையார் வருவார், பின்னாலேயே பண்ணையாளும் வருவார். நிலம் யாருடையது, முதுகு யாருடையது என்ற இரண்டும் அந்த ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன.

பாணியின் வரலாறு நீளமானதல்ல. 1989-இல் ரேச்சல் ஆஷ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ‘ஷாபி சிக்’ என்ற பெயரில் கடை திறந்தார். கந்தலையும் நாகரிகத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் பெயர். அடுத்த ஆண்டு, 1990-இல், ஆன்னி ஸ்லோன் இங்கிலாந்தில் ‘சாக் பெயிண்ட்’ என்ற பூச்சை உருவாக்கினார். 2013-இல் டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரிலிருந்து ‘ஃபிக்ஸர் அப்பர்’ என்ற தொலைக்காட்சித் தொடர் புறப்பட்டது. கணவனும் மனைவியுமாகப் பழைய வீடுகளைப் பிரித்துப் புதுப்பிக்கும் அந்தத் தொடர் பண்ணை வீட்டுப் பாணியை அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் கூடம் தோறும் கொண்டுபோய் நிறுத்தியது.

அதே டெக்சஸின் உண்மையான பண்ணை வீடு எப்படி இருந்தது? ராபர்ட் கேரோ, லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியில் (1982) அதை எழுதியிருக்கிறார். ஒரு ஜனாதிபதியின் கதைக்குள் ஒரு முழு அத்தியாயத்தை மின்சாரம் வராத மலைநாட்டுப் பண்ணைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 காலன் தண்ணீர் வேண்டும். நம் கணக்கில் 750 லிட்டர். அதைக் கிணற்றிலிருந்து இறைத்துச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணி வெளுக்கும் நாளில் முதுகு ஒடியும், அடுத்த நாள் அடுப்பில் காய்ச்சிய இரும்புப் பெட்டியால் தேய்ப்பதில் கை பொசுங்கும். பிரசவத்தில் கிழிந்த உடல் ஆறுவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் தூக்கியவர்களைப் பற்றியும் கேரோ எழுதுகிறார். வயதுக்கு முன்பே கூன் விழுந்த பெண்கள் அவர்கள்.

மேசை விளிம்பைத் தேய்த்த கை இதுதான். மாவு பிசைந்தபோதும், பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை ஊன்றியபோதும் தேய்ந்த விளிம்பு அது. வேக்கோவைச் சுற்றியிருந்த பருத்தி நிலங்களில் வாரத்துக்கு உழைத்த கறுப்பினப் பெண்களின் குடிசை இந்தப் பாணியில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அதற்குப் பெயிண்ட் நிறம் கூட இல்லை.

பண்ணைப் பெண்ணின் உழைப்பை அவளுடைய அரசாங்கமும் எண்ணவில்லை. அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பு, பண்ணையை நடத்துகிறவர் ஆணா பெண்ணா என்று முதன்முதலில் கேட்டதே 1978-இல்தான். அதுவரை அவள் விவசாயியின் மனைவி. அதே 1978-இல்தான் வீட்டு உபயோகத்துக்கான ஈயம் கலந்த பெயிண்ட்டும் அங்கே தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னால் பூசப்பட்ட எத்தனையோ கதவிலும் கட்டிலிலும் உதிர்ந்த சில்லுகள் நஞ்சு. தவழும் பிள்ளை அதை வாயில் போட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். பெயிண்ட் உதிர்வது ஒரு தாய்க்கு அழகாகத் தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை.

பல அடுக்கு நிறம் தெரியும்படி சுரண்டுவதுதான் இந்தப் பாணியின் உச்சம். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மஞ்சள். நிஜமான பழைய மேசையில் இத்தனை அடுக்கு எப்படி வந்தது? ஒவ்வொரு முறை உதிர்ந்தபோதும் யாரோ அதன்மேல் மறுபடி பூசியிருக்கிறார்கள். புது மேசை வாங்கக் காசில்லாத வீட்டில், விருந்தாளி வருமுன், உள்ளதை ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் தேய்மானத்தை மறைக்க ஒருவர் பாடுபட்டதன் சாட்சி. அந்தப் பாட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு அவர் மறைக்க நினைத்ததைக் கூடத்தில் காட்சிக்கு வைப்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. அம்மி தேய்ந்து வழுவழுப்பானால் நம் பாட்டிகள் அதை ரசித்துக்கொண்டு உட்காரவில்லை. தெருவில் “அம்மி கொத்தலையோ” என்ற குரல் கேட்டதும் கூப்பிட்டு, உளியால் கொத்தவைத்து, மறுபடி சொரசொரப்பாக்கிக்கொண்டார்கள். உழைக்கிறவளுக்குத் தேய்மானம் என்பது செப்பனிட வேண்டிய பழுது. உழைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அது அலங்காரம். இன்று அந்த ஆட்டுக்கல்லும் உரலும் விடுதித் தோட்டங்களில் தண்ணீர் ஊற்றி அரளிப்பூ மிதக்கவிட்டுக் கிடக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய பர்மா தேக்குச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அந்தத் தூணை எழுப்பிய தனவணிகரின் வரலாறு கடைக்காரருக்குத் தெரியும். அந்த வீட்டு இரண்டாங்கட்டில் வத்தல் காயவைத்தவளின் பெயரைக் கேட்டால் சிரிப்பார்.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, “மேடம், அது ரசனைதானே, அதிலும் அரசியல் பார்க்கணுமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கிப் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெயிண்ட் உரிந்த சொந்த நாற்காலி அன்று கொல்லைக்குப் போய்விடும். அந்த வீட்டுப் பெண்ணால் உரிந்த நாற்காலியை ‘ரஸ்டிக்’ என்று ரசிக்க முடியுமா? உரிந்ததை ரசிக்க வேண்டுமானால் அது உரியாததை வாங்கும் வசதி முதலில் கையில் இருக்க வேண்டும். வறுமையைத் தெரிவுசெய்ய முடிந்தவருக்குத்தான் அது ரசனை. மற்றவர்களுக்கு அது வறுமை மட்டுமே.

இதைவிட எனக்கு உறைப்பது வேறொன்று. மேசைக்கு வயதாக வேண்டும் என்று ஆசைப்படும் அதே வீடு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயதாகக் கூடாது என்கிறது. மேசையின் விரிசலுக்குக் கருமெழுகு, கண்ணோரச் சுருக்கத்துக்குச் சுருக்கம் போக்கும் களிம்பு. மரத்தின் தழும்பு குணச்சித்திரம், வயிற்றின் பிரசவக் கோடு குறை. நரைத்த சாம்பல் நிறம் அலமாரிக்கு நாகரிகம், தலைக்கு வந்தால் சாயம். நாற்பதைத் தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. உழைப்பின் தடயத்தைப் பொருளுக்கு அணியாகவும் உடலுக்கு அவமானமாகவும் பிரித்து வைக்கிற சந்தை, இரண்டு பக்கத்திலும் நம்மிடமே விற்கிறது.

இந்தப் ‘பழமை’ எங்கே தயாராகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் இவ்வகைச் சாமான்களில் பெருமளவு ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து கப்பலேறுகிறது. மாமரப் பலகையில் புதிதாகச் செய்து, பூசி, சுரண்டி, பழசாக்கி அனுப்புகிறார்கள். டெக்சஸ் பெண்ணின் கை அறுபது ஆண்டுகளில் செய்ததை ஜோத்பூர்த் தொழிலாளியின் கை ஒரு முறைப்பணியில் செய்து முடிக்கிறது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஒருவர் தேய்ந்ததன் போலியை உருவாக்க இன்னொருவர் நிஜமாகத் தேய்கிறார். விலைச்சீட்டில் இரண்டு பேருமே இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றைத் தாண்டிப் போகமாட்டேன். இந்த வேலையைச் செய்கிறவர்களில் மிகப் பலர் பெண்கள். தூக்கி எறிய இருந்த சாமானை மீட்டு, விற்று, தன் கையில் நாலு காசு பார்க்கிறார்கள். இழைக்கவோ அடிப்பூச்சு போடவோ பெரும்பாலும் தேவையில்லாத சாக் பெயிண்ட், ஆசாரிப் பட்டறை வாசலில் நிறுத்தப்பட்டிருந்த பெண்களை உள்ளே விட்டது. இது சிறிய காரியமல்ல. உளியும் தூரிகையும் பிடிக்கும் எந்தப் பெண்ணோடும் எனக்குப் பகையில்லை. பழைய மரத்தைக் காப்பாற்றுவது ஒரு புது மரத்தைக் காப்பாற்றுவதும்தான். என் சண்டை கடைசிப் படியோடு மட்டும். மீட்ட மேசைக்கு இல்லாத ஒரு வாழ்க்கையைச் சுரண்டி வரையும் படி அது. இருந்த வாழ்க்கையையோ இழைத்துத் தள்ளிவிட்டுத்தான் அதை வரைகிறார்கள்.

தேய்மானம் முடிந்துபோன பழங்கதையும் அல்ல. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஈடுபடாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. ஐந்து மணி நேரம் ஒவ்வொரு நாளும் ஏதோவொரு மேசை விளிம்பும் ஏதோவொரு மணிக்கட்டும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அதற்குக் கணக்கு இல்லை, கூலி இல்லை, ஓய்வூதியம் இல்லை.

ஆகவே பழைய சாமான் கைக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள் என்பேன். கழுவுங்கள். ஆடும் காலை இறுக்குங்கள். பழைய பூச்சு உதிர்கிறது என்றால் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாக இழைக்காதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். நிறம் வேண்டுமென்றால் புதிதாக, பளிச்சென்று, முழுசாகப் பூசுங்கள். நம் பெண்கள் அப்படித்தான் பூசினார்கள். உண்மையான தழும்பு இருந்தால் அதை அழிக்காமல், அது எப்படி வந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். இழுப்பறையின் அடியில் அவள் பெயரையும் அவள் அதில் செய்த வேலையையும் எழுதிவையுங்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சுரண்டியது யார்? எத்தனை மணி நேரம்? அதற்கு என்ன கூலி? மேசையின் வயதைப் பற்றிப் பேச்சு மாற்றினால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.