வகுப்புக்கு வரட்டும் கொத்தனார்



2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளின் தொகுப்பு அது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. கோட்டைக் குன்றுகளான ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தபடி கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளின் வரலாற்று வகுப்பில், பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கொத்தனார் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடித்ததும், ராஜாராம் உள்ளே இருக்க முகலாயர் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் வென்றதும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆசிரியர் நன்றாகவே நடத்துவார். ஆனால் பழைய சுவருக்கு ஏன் சிமென்ட் பூசக் கூடாது? சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது; உள்ளே தங்கிய ஈரத்தில் உப்புப் பூத்து செங்கல் உதிர்ந்துபோகும். சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்தவரே ஒரு பிடி காரையைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால், அந்தப் பிள்ளைகள் அடுத்த முறை கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

பொருளியல் வகுப்புக்கு இன்னும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் குவித்திருக்கும் நெல்லை வியாபாரிகள் அள்ளிப் பார்த்து, மறைமுக ஏலத்தில் விலை எழுதிப் போடுகிறார்கள். ஒரே ரகத்துக்கு இரண்டு குவியலில் இரண்டு விலை ஏன் வருகிறது? ஈரம், கருக்காய், பதர், அன்றைய வரத்து, எத்தனை வியாபாரிகள் வந்தார்கள் என்பது வரை அங்கே எடை போடுபவருக்குத் தெரியும். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் அந்த வரம்பைத் தாண்டிய நெல்லோடு நிற்கும் விவசாயி என்ன முடிவெடுக்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு இடமிருக்கிறது. பணியில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, பட்டம் கட்டாயமில்லாமல், நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம். ஊராட்சி நிர்வாகம், மழைநீர் சேகரிப்பு, இயற்கை வேளாண்மை ஆகியவையும் அது குறிப்பிடும் துறைகளில் உண்டு. அதே ஆண்டு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாக நிறுவனங்களின் பயிற்சியும் கல்லூரிக்குள் வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனாலும் விருந்தினர் என்றால் சென்னையிலிருந்து காரில் வருபவர்தான் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது.

அழைக்கும் ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்கள். விழாவாக்கிவிடாதீர்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் முடிவதற்குள் பேச வந்தவரின் நேரம் போய்விடும். வாழ்க்கை வரலாறு வேண்டாம், ஒரு நாள் வேலையை மட்டும் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டியோ எடைச்சீட்டோ, வேலையில் புழங்கும் பொருளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் முந்தின வகுப்பிலேயே கேள்வி எழுதி வைத்திருக்கட்டும். அடுத்த வகுப்பில் கேட்டதைப் பாடத்தோடு சேர்த்துப் பேசட்டும். இந்த இரண்டும் இல்லாமல் போனால், வந்தவர் பேசியது ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

இன்னொன்றை நான் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் வெளியே வந்தாலும் சம்பளம் நிற்காது. கொத்தனாருக்கு அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியையும் வந்துபோகும் செலவையும் கல்லூரி தர வேண்டும். சால்வை அதற்கு ஈடாகாது. அதேபோல, விருந்தினர் வருகையைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விட்டுவைக்கவும் கூடாது. அவர் சொல்வதைப் பாடத்தோடு இணைக்க நிரந்தர ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருந்தாக வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகம், பணிமனை, கிராம சுகாதார நிலையம் என எங்கோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர்கள் உங்களில் பலர். பக்கத்துக் கல்லூரியின் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: உங்கள் வேலையில் எதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியும் என்று மட்டும். பதில் வந்தால் எங்களுக்கும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்