பிள்ளைகள் மலைக்குப் போகட்டும், கூடை இல்லாமல்



சென்ற மாதம் நிலுவைச் சம்பளப் பிரச்சினை ஒன்றைப் பேசுவதற்காக எமது மாவட்டக் கமிட்டியினர் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். துரை வரத் தாமதமானது. சும்மா நிற்பானேன் என்று கீழ் டிவிசன் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு சிறிய பாடசாலை இருக்கிறது. ஒரே மண்டபம், தட்டிகளால் பிரித்த வகுப்புகள், தரம் ஐந்து வரை. நாம் போனபோது முதல் இரண்டு வகுப்புகளிலும் ஒரு பிள்ளை கூட இல்லை. லீவா என்று கேட்டோம். கூட்டிக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "லீவு இல்லீங்க, புள்ளைங்க பீலிக்கரையில படிக்குதுங்க."

போய்ப் பார்த்தோம். பதினைந்து, இருபது பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்துப் பிள்ளைக் காம்பராவிலிருந்து நான்கைந்து சின்னதுகளும் வந்து சேர்ந்திருந்தன. பீலியின் கீழே ஒரு வாளி. அது நிரம்பும்வரை எல்லாரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். "நேத்து நாப்பது எண்ணினோம், இன்னைக்கு இருபத்தெட்டுலேயே நெறஞ்சிருச்சு" என்று ஒரு சிறுமி எம்மிடம் ஓடி வந்து சொன்னாள். ஏன் என்று ஆசிரியை கேட்டார். ராத்திரி மழை என்றான் ஒருவன். மேலே யாரோ பைப்பை மூடிவிட்டார்கள் என்றான் இன்னொருவன். பேர் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். தான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் இங்கே மூன்று பீலி ஓடியது, இப்போது ஒன்றுதான் என்று அவர் சொல்ல, மற்ற இரண்டும் எங்கே போயின என்று பிள்ளைகள் அவரைத் துளைத்தெடுத்தார்கள். ஒரு சிறுவன் ஈர மண்ணில் குச்சியால் 'பீ' என்று எழுதிக்கொண்டிருந்தான். சுழி சரியாக வரவில்லை. அழித்து அழித்து எழுதினான்.

திரும்பி வரும்போது பிரட்டுக்களத்தருகே ஒரு தாய் எம்மை மறித்தார். "சங்கத்து ஆளுங்க தானே? நீங்களாச்சும் அந்த டீச்சர்கிட்ட சொல்லுங்க. எம் புள்ள மலைக்குப் போகக் கூடாதுன்னு தான் நான் மழையிலயும் பனியிலயும் நின்னு கொழுந்தெடுத்துப் படிக்க வைக்கிறேன். அவங்க மலைக்கே கூட்டிட்டுப் போறாங்க."

இந்த வார்த்தையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரலாறு அந்தத் தாயின் பக்கம்தான் இருக்கிறது. 1907 ஆம் ஆண்டுச் சட்டமும் 1920 ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பாக்கின. பொறுப்பை வாங்கிக்கொண்டவர்கள் தந்ததோ ஒரு ஓலைக் கொட்டிலும் ஒரு வாத்தியாரும்தான். 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் கூட ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று கூலி வகைகள் இருந்தன. பிள்ளைக்கு என்று ஒரு கூலி இருந்ததென்றால், பிள்ளை எங்கே இருந்தது என்று நாம் சொல்லத் தேவையில்லை. 1945 இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அது வெளியே விட்டுவிட்டுப் போனது. அரசாங்கம் எமது பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இத்தனை காலம் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்திடம் போய், "பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வோம்" என்றால் முதலில் சந்தேகம்தான் வரும். வரத்தான் வேண்டும்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே படிப்பது என்பது கட்டடம் இல்லாமல் படிப்பது அல்ல. 1934 இல் ஹொரணையில் ஸ்ரீபாலி பாடசாலைக்கு மகாகவி தாகூர் வந்து அடிக்கல் நாட்டினார். அவருடைய சாந்திநிகேதனில் மரநிழலில் வகுப்பு நடந்ததை இன்றைக்கும் உலகம் பாராட்டுகிறது. அங்கே மரநிழல் விரும்பி எடுத்த முடிவு. எமது பிள்ளைகள் பல தோட்டங்களில் மரத்தடியில் உட்கார்ந்தது கூரை ஒழுகியதால். இரண்டும் ஒன்றல்ல. "மலையே பள்ளிக்கூடம், உங்களுக்குப் புதிய வகுப்பறை எதற்கு?" என்று நாளைக்கு எந்த அதிகாரியாவது பேசினால், அதற்கு எதிராக முதலில் எழுந்து நிற்பது எமது சங்கமாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் அந்த ஆசிரியை செய்வது என்ன? அரசாங்கத்தின் பாடத்திட்டம் சொன்னதைத்தான் அவர் செய்கிறார். 1997 கல்விச் சீர்திருத்தத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குச் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்று தனிப் பாடமே வந்தது. தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கு முதலிடம், செய்து பார்ப்பதற்கு அடுத்த இடம், மேசையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் கடைசி இடம். இது எமது கண்டுபிடிப்பு அல்ல, அரசாங்கத்தின் சீர்திருத்தம். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பூதம் ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையையும் மிரட்டுகிறது. கொப்பி நிறைந்திருந்தால் பிள்ளை படிக்கிறது, நிறையாவிட்டால் டீச்சர் ஏமாற்றுகிறார் என்பது எமது கணக்கு. கொப்பி நிறைய எழுதிவிட்டு, எழுதியதை வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை எமது லயங்களில் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

பீலிக்கரையில் எண்ணிய பிள்ளை வெறுமனே எண்ணப் படிக்கவில்லை. கூடியதா, குறைந்ததா, ஏன் என்று கேட்கப் படித்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் பாடம் இன்னும் விரியும். மஸ்கெலியாப் பக்கத்துக் கான்களில் ஓடும் தண்ணீர் மவுசாகலையில் தேங்குகிறது. நோர்வூட் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீயில் தேங்குகிறது. அங்கிருந்து மின்சாரமாகிறது. பிறகு களனி கங்கையாகி அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மக்களின் குடிநீராகிறது. அந்த மின்சாரம் மலைக்கு மேலால் கம்பியில் போன காலத்தில், கீழே எமது லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இதையும் அந்தப் பாடத்தில் சேர்த்துச் சொல்லலாம். புத்தகத்தில் இருக்காது.

அதே பாடசாலையில் இன்னொன்றும் கேள்விப்பட்டோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடையில் தராசு இரவல் வாங்கி, ஒரு பை கொழுந்தைக் காய்ந்தபடி ஒரு தடவை நிறுத்தார்களாம். நனைத்து இன்னொரு தடவை நிறுத்தார்களாம். வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தார்களாம். அப்போது ஒரு பையன், "மழை பெய்யாத நாள்லயும் எங்கம்மாவுக்கு ஏன் தண்ணிக்குன்னு கழிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டானாம். ஆசிரியைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அதே கேள்வியைத்தான் நாமும் பேச்சுவார்த்தை மேசையில் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறோம்.

எமக்கு நெஞ்சில் உறுத்துகிற விடயம் வேறொன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. வேறு இடம் கொடுத்துக் குடியேற்றியிருக்க வேண்டியவர்களின் குற்றத்தை எந்தப் பாடமும் துடைத்துவிடாது. ஆனால் மண் பேசுவதை விளங்கிக்கொள்ள எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விழுவது, மரமும் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடிய ஊற்று திடீரென நிற்பது, தெளிந்த தண்ணீர் கலங்கி வருவது ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இவற்றைத்தான் கவனிக்கச் சொல்கிறது. துண்டுப்பிரசுரத்தில் படித்தால் மறந்துபோகும். பீலியைத் தினமும் எண்ணுகிற பிள்ளை, தண்ணீர் நின்ற அன்றைக்கே வீட்டில் வந்து சொல்லும். எமது கணக்கில் இந்த ஒரு காரணமே போதும்.

இந்தப் படிப்புக்கு வாத்தியார்மார் லயத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பாட்டியைச் சொன்னோம். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டத் தெரிந்த தாத்தா, எந்தப் பச்சிலை எதற்கு என்று தெரிந்த அம்மாயி, காமன் கூத்தில் பாட்டெடுத்துக் கொடுக்கும் மாஸ்டர் எல்லோரும் பாடம் சொல்லக்கூடியவர்களே. பிரட்டுக்கு ஒரு தப்பு, திருவிழாவுக்கு ஒரு தப்பு, சாவுக்கு ஒரு தப்பு என்று அடி மாறுவதைப் பிள்ளைகள் காதால் எண்ணிக் கற்கலாம். தப்படிக்கும் ஐயாவை வாசலில் நிறுத்தாமல் வகுப்பின் நடுவில் உட்கார வைத்து, "ஐயா, சொல்லித் தாங்க" என்று ஆசிரியை கேட்டால், பிள்ளைகள் அன்றைக்குக் கற்பது தாளம் மட்டுமல்ல. எமக்குள்ளேயே நாம் வைத்திருக்கும் மேல் கீழ் பற்றியும் அது பேசும். சில பெற்றோருக்கு இது பிடிக்காது. அந்தச் சண்டையையும் நாம் போடத்தான் வேண்டும். தாலாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் தேடித் தோட்டம் தோட்டமாய் அலைந்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை ஒரு தொழிற்சங்கவாதி என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

இனிக் கஷ்டங்களுக்கு வருவோம். குளவி இருக்கிறது. பெரியவர்களையே கொன்றிருக்கிறது. அட்டை, வழுக்குப் பாறை, சிறுத்தை நடமாட்டம் எல்லாம் இருக்கின்றன. கிளைபோசேட் 2015 இல் தடைசெய்யப்பட்டு 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருந்தடித்த மலையில் பிள்ளைகள் இலையைத் தொட்டுப் பார்ப்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? ஆகவே எந்த மலையில் எந்த நாளில் மருந்தடிக்கப் போகிறார்கள் என்பதை வெளிக்கள உத்தியோகத்தர் முன்கூட்டியே பாடசாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் எழுத்தில் தரவேண்டும். பிள்ளைகள் நடமாடும் பாதையையும் பீலிக்கரையையும் மருந்தில்லாத இடமாக ஒதுக்க வேண்டும். குளவிக்கூடுகளை முன்னரே பார்த்து அகற்ற ஆள் போட வேண்டும். பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று பெரியவர்கள் இல்லாமல் ஒரு வகுப்பும் வெளியே போகக் கூடாது. அப்படித் துணைக்குப் போகிற தாய்க்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. இதை அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் கேட்கப் போகிறோம். சிரிப்பார்கள். பிரசவச் சகாயத்தைக் கேட்ட காலத்திலும் சிரித்தார்கள்.

இன்னொரு சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. பிள்ளைக் காம்பரா, அதாவது இப்போதைய சிறுவர் அபிவிருத்தி நிலையம், தோட்ட நிர்வாகத்தின் கையிலும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையிலும் இருக்கிறது. முன்பள்ளி மாகாண சபையைச் சார்ந்தது. பாடசாலை வலயக் கல்விப் பணிமனையின் கீழ் வருகிறது. பாடசாலையைச் சுற்றியுள்ள மண்ணோ கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. ஒரே பிள்ளை மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் மூன்று அலுவலகங்களைக் கடந்து போகிறது. அந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒரு துண்டு நிலத்தை விளையாடவும் நட்டுப் பார்க்கவும் கேட்டால் கடிதம் மாதக்கணக்கில் சுற்றுகிறது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்பது அவர்களின் பெற்றோரான உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் எமது லயங்களில் பிறந்த பெண்பிள்ளைகள்தான் அவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு பெரிய பேச்சுப் பேசுவது நியாயமில்லை. அவர்களின் சம்பளப் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததே.

எமது ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பாடசாலைத் தோட்டம் என்ற பேரில் பிள்ளைகளைப் புல்லுப் பிடுங்க வைப்பதும், யாருடைய வீட்டுக்கோ மரக்கறி போவதும் நாம் அறியாததல்ல. பிள்ளை நட்டது பிள்ளையின் தட்டுக்கு வரவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை கொழுந்தைக் கிள்ளிப் பார்க்கலாம், வாசனை பிடிக்கலாம், முள்முருங்கைப் பூவை எண்ணலாம். கூடையைத் தோளில் போட்டுப் 'படம்' எடுப்பதற்குக் கூட நாம் சம்மதியோம். வருகிற விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

மறித்த தாயிடம் அன்று நாம் நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நாளைக் காலையில் ஒரு மணித்தியாலம் நீங்களும் பீலிக்கரைக்கு வாங்க, பேரைப் பற்றி நாங்கள் கணக்கப்பிள்ளையிடம் பேசுகிறோம் என்றோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இவ்விடயத்தை எடுத்துப் பேசவும். உங்கள் டிவிசனில் பிள்ளைக் காம்பராவைச் சுற்றி எவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது, மலசலகூடமும் தண்ணீரும் உண்டா, மருந்தடிக்கும் அறிவித்தல் முன்கூட்டியே வருகிறதா, பிள்ளைகளோடு வந்திருக்க விரும்பும் ஓய்வுபெற்ற தொழிலாளர் எத்தனை பேர் என்பவற்றை எழுதி, சந்தாப் பட்டியலோடு சேர்த்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வைக்கவும்.