மாத்திரைச் சீட்டோடு ஒரு தினசரி அட்டை



மருந்தோடு அன்றாட ஒழுங்கும் சேர்ந்தால்தான் மனநோயிலிருந்து மீள்வது நிலைக்கும் என்ற, தங்கள் இதழில் வந்த கட்டுரையின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன்.

மனச்சோர்வால் என் தம்பி படுக்கையை விட்டு எழவே மறுத்த காலம் உண்டு. மருத்துவர் மாத்திரைகளோடு சில எளிய விதிகளையும் சொன்னார்: விடிந்ததும் எழுந்து குளிப்பது, பகலில் படுக்காதிருப்பது, மாலையில் தெருமுனை வரையாவது நடப்பது, இரவில் ஒரே நேரத்தில் உறங்குவது. மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்றார். காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பதைத் தம்பியின் வேலையாக்கினோம். இரவில் அதன் பின்பக்கம் அன்றைக்குச் செய்ததை எழுதுவான். ‘குளித்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்’ என்று மட்டும் இருந்தாலும், ‘எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற அவன் எண்ணத்துக்கு அது பதிலாக இருந்தது. மாத்திரையையும் இடையில் நிறுத்தவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான்.

அரசுச் சேவையில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. ஆனால், கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் இத்தகைய அன்றாட விதிகளை விளக்க நேரம் கிடைப்பதில்லை. எனவே அரசு மருத்துவமனைகளில் மாத்திரைச் சீட்டோடு, உறக்கம், குளியல், நடை, மருந்து ஆகியவற்றைக் குறிக்கக் கட்டம் போட்ட அட்டை ஒன்றும் தர வேண்டும். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416ஐ அதில் அச்சிடலாம். அட்டையை நிரப்பும் முறையைக் குடும்பத்தாருக்கும் செவிலியர் சொல்லித்தர வேண்டும். சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்