கோட்டத்தைப் பிளந்தார்கள், பெட்டித் தொழிற்சாலை எங்கே?

2007 நவம்பரில் பாலக்காடு ரயில்வே கோட்டம் பிளக்கப்பட்டு, சேலம் கோட்டம் உருவானது. இது நிர்வாகச் சீரமைப்பு மட்டுமே, எவருக்கும் இழப்பில்லை என்று கூறப்பட்டது. ஆனால் வாளையாறுக்குக் கிழக்கே கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என வருவாய் ஈட்டித்தந்த நிலையங்கள் அனைத்தும் பாலக்காட்டின் கையைவிட்டுப் போயின. எஞ்சிய பாதை 600 கிலோமீட்டருக்கும் குறைவு.

சேலத்திற்குக் கோட்டம் கூடாது என்று எந்தத் தொழிலாளியும் சொல்லவில்லை. போத்தனூரில் இருந்த கோட்டத் தலைமையகம் 1956-இல் ஒலவக்கோட்டுக்கு மாறியபோது இழந்தது போத்தனூர். ஆகவே இதைத் தமிழர்–மலையாளி தகராறாக்குவது ஆளும் வர்க்கத்திற்கு மட்டுமே வசதி. ஒன்றைப் புதிதாக அமைக்க மற்றொன்றை முடமாக்குவது ஏன் என்பதே கேள்வி. பிரிவினை நடந்தபோது ஒன்றியத்தில் இருந்தது இடதுசாரிகளின் வெளி ஆதரவு பெற்ற அரசு; அதை மறைக்கவும் வேண்டியதில்லை.

இழப்பை ஈடுகட்ட கஞ்சிக்கோட்டில் பெட்டித் தொழிற்சாலை என்று 2008-09 ரயில்வே வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மாநில அரசு நிலம் கையகப்படுத்திக் கொடுத்தது. 2012-இல் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. அதன்பின் ஒன்றியத்தில் ஆட்சி மாறியது. ஒரு பெட்டிகூட அங்கிருந்து வெளிவரவில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளின் தமிழ் பேசும் இளைஞர்களுக்கும் அது வேலைவாய்ப்பு. இதைத் தமிழ்த் தோழர்கள் போதிய அளவு பேசவில்லை.

கோட்டம் என்பது பெயர்ப்பலகை அன்று. நிதி ஒதுக்கும் அதிகாரம், கட்டுப்பாட்டு அறை, மருத்துவமனை, பணியிடங்கள், இவற்றை நம்பி நிற்கும் ஒலவக்கோட்டுக் கடைத்தெரு ஆகியவை சேர்ந்ததே கோட்டம். வருவாய் நிலையங்களைப் பறித்துவிட்டுப் பிறகு வருவாய் குறைவு என்று கணக்குக் காட்டுவது, கையை வெட்டியவனே ஏன் சுமை தூக்கவில்லை என்று கேட்பதற்கு ஒப்பானது. 2024-இல் கோட்டமே கலைக்கப்படும் என்ற செய்தி பரவியது, ரயில்வே மறுத்தது. மறுப்பை நம்பி உறங்க, 2008-இன் வாக்குறுதி இடமளிக்கவில்லை.

பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையின் நிலையைப் பாருங்கள். அகலப்பாதைப் பணிக்காக 2008-இல் மூடப்பட்ட அது, 2015-இல்தான் மீண்டும் திறந்தது. மீட்டர் கேஜ் காலத்துப் பயணிகள் வண்டிகள் அனைத்தும் திரும்பவில்லை. முதலமடை, மீனாட்சிபுரம் மக்கள் பேருந்துக்கே காத்திருக்கிறார்கள். அந்த வண்டிகளைத் திரும்பக் கேட்டு, எல்லையின் இருபுறத்துக் கிளைகளும் இணைந்து கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கலாம். கஞ்சிக்கோடு தொழிற்சாலையும் அதே மனுவில் இடம்பெறட்டும்.