கட்டிய பல்லும் ஊன்றிய பல்லும்

இழந்த பல்லுக்கு ஈடாக வைக்கும் பல்லைக் 'கட்டுப்பல்' என வழங்குதல் நம் நாட்டு மரபு. அயற்பற்களோடு பிணித்துக் கட்டப்பெறும் பல்லுக்கு அப்பெயர் பொருத்தமுடையதே. இக்காலத்திலோ, தாடையெலும்பைத் துளைத்து, டைட்டேனியம் என்னும் உலோகத்தாலாய திருகாணியை அதனுள் இறக்கி, அதன்மேற் பல்லமைக்கும் முறை சிற்றூர்களிலும் பரவி வருகின்றது. இதனையும் மக்கள் 'பல் கட்டுதல்' என்றே கூறுகின்றனர். சொல்லாராய்ச்சி செய்வோர்க்குப் பல் மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், இச்சொற்பிழையினின்றே பொருட்பிழையும் பிறக்கின்றதென்பது எமது துணிபு. கட்டும் வேலை கட்டிய அன்றே முடிந்துவிடும். ஊன்றும் வேலையோ ஊன்றிய அன்றுதான் தொடங்குகின்றது.

இம்முறையைக் கண்டவர் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளராகிய பெர்-இங்வார் பிரோனமார்க் என்பார் (1929-2014). 1952-இல் லூண்ட் நகரில், குருதியோட்டத்தை நோக்குதற்பொருட்டு முயலின் காலெலும்பில் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து அதனைக் கழற்றப் புகுந்தகாலை, எலும்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கக் கண்டு வியந்தனர். 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவர் தாடையில் அவர் முதன்முதல் ஊன்றிய ஆணிகள், லார்சன் 2006-இல் இறக்குமளவும், நாற்பதாண்டுக்கு மேலாகப் பயன்பட்டன. அத்துணை நிலைபேற்றிற்கு அவர் கைக்கொண்ட பொறுமையும் ஒரு காரணமென்க. கீழ்த்தாடையில் மூன்று திங்களுக்குக் குறையாமலும், மேற்றாடையில் ஆறு திங்கள்வரையும், ஆணியின்மீது சுமையேற்றாது காத்திருத்தல் அவர் வகுத்த நெறி.

காத்திருப்பதேன்? ஊன்றிய அன்று ஆணியைத் தாங்குவது திருகின் பிடிப்பு மட்டுமே. பின்னர் அதனைச் சூழ்ந்த பழைய எலும்பு கரையத் தொடங்கும். புதிய எலும்பு அதற்குள் முற்றியிராது. ஆதலின் இரண்டாம் வாரமுதல் நான்காம் வாரம்வரையுள்ள காலமே பிடிப்பு மிகக் குறைந்த காலமாம். நோவு நீங்கி, நோயாளி முறுக்குக் கடிக்கத் துணிவதும் அவ்வாரங்களிலேதான்!

முதலிரண்டு மூன்று நாட்களில் வீக்கமும் நோவும் இருத்தல் இயல்பு. அவை பின்னர்த் தணிதல் வேண்டும். மூன்றாம் நாளுக்குப்பின் நோவு வளர்ந்தாலும், சீழ் வடிந்தாலும், காய்ச்சல் கண்டாலும் தாமதிக்கலாகாது. மரப்பூசியின் வேகம் தீர்ந்தபின்னும் கீழுதடோ மோவாயோ மரத்தே இருக்குமாயின், நரம்பு ஊறுபட்டிருத்தல் கூடும். அன்றே மருத்துவரிடம் ஓடுதல் வேண்டும். பல் ஆடினால், மேலுள்ள சிறு திருகு தளர்ந்ததோ, எலும்பிலுள்ள ஆணியே தளர்ந்ததோ என்பதை நோயாளி அறிய இயலாது. விரலால் அசைத்துப் பார்ப்பது வீண் வேலை.

இனி, யாம் வற்புறுத்த விரும்புவது பிறிதொன்று. படைத்தவன் வைத்த பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்றுண்டு. கடிக்கும் விசையைத் தாங்குவதும், 'மிகையாயிற்று' என மூளைக்கு உணர்த்துவதும் அதுவே. ஊன்றிய ஆணிக்கு அப்படலம் இல்லை. எனவே, அதனைச் சுற்றி நோய் புகுந்தாலும் நெடுநாள் வலி தோன்றாதிருக்கலாம். துலக்கும்போது ஈற்றில் குருதி கசிவதும் ஈறு சிவந்து தடிப்பதுமே முதல் எச்சரிக்கை. அந்நிலையில் அழுக்குப் படலத்தை அகற்றினால் ஈறு மீளும். அதனைப் புறக்கணிக்க, நோய் எலும்பைத் தொடும். அங்ஙனம் கரைந்த எலும்பை மீட்பது அரிது. வலியில்லையே எனப் பல்லிடைத் தூரிகையைத் தொடாதாரையும், ஆண்டுக்கொருமுறையேனும் மருத்துவரை நாடாதாரையும் எண்ணி இரங்குகின்றோம். புகைப்போர், நீரிழிவை அடக்காதோர், ஈற்றுநோயால் முன்னர்ப் பல்லிழந்தோர் ஆகியோர்க்கு இவ்வச்சம் இருமடங்கு உண்டு. எலும்பு நலிவுக்கு மருந்துண்போரும், தாடையிற் கதிர்ச்சிகிச்சை பெற்றோரும் அதனை முன்கூட்டியே உரைத்தல் வேண்டும்.

'ஒரே நாளிற் பல்', 'ஆயுட்காலப் பல்' என்னும் விளம்பரப் பலகைகளை நகரெங்கும் காண்கின்றோம். எலும்பு வலிதாய், முதற்பிடிப்பு உறுதியாய் அமைந்த சிலர்க்கு அன்றே பல் வைத்தல் தக்கதே; அதனை மறுப்பேமல்லேம். ஆனால் அதனைத் தேர்ந்து சொல்லவேண்டியவர் தாடையைச் சோதித்த மருத்துவரேயன்றிப் பலகை எழுதினவரல்லர்.

மருத்துவரிடம் யாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. ஊன்றிய ஆணியை ஆக்கினோர் பெயரும், அதன் வகையும், நீள அகலமும் குறித்த சீட்டொன்றையும், பல் அமைத்த நாளில் எடுத்த எக்ஸ்ரே படத்தின் படியொன்றையும் நோயாளியிடம் கொடுத்துவிடுதல் வேண்டும். பிற்காலத்து எலும்பு குறைந்ததா என்பதை அப்படத்தோடு ஒப்பிட்டே துணியலாம். ஆணிகளும் அவற்றிற்குரிய திருப்புளிகளும் ஆக்குவோர்தோறும் வேறுபடுதலின், அச்சீட்டின்றி வேற்றூர் சென்ற நோயாளியின் தளர்ந்த திருகை இறுக்கப் புகும் மருத்துவர், எந்தத் திருப்புளியை எடுப்பது என்றே அறியாது திகைப்பர்.